மாமாவின் ரஷ்யன் லென்ஸும் பத்துத் தௌவும்

திருமலையில் (திருகோணமலைதான்) எந்தச் சாமானைத் திருத்தக் கொண்டுபோனாலும், "இது எஞ்சினிலை எவடத்திலை பூட்டுறது?" என்பதுதான் முதல் கேள்வி. கடல் ஊர். லேத் பட்டறை, வெல்டிங் கடை, ஆணி விற்கிற கடை எல்லாம் போட் எஞ்சினைச் சுற்றி வளர்ந்தவை. ஆகவே நான் ஒரு பழைய சோவியத் லென்ஸைக் குறும்படத்துக்குத் தோதாக மாற்றப் புறப்பட்டபோது, கடைசிவரை பாதிப் பேர் அதை எஞ்சின் பாகமாகவே நினைத்துக்கொண்டு உதவி செய்தார்கள். ஒருவகையில் அதுவும் நல்லதாய்ப் போயிற்று.

லென்ஸ் மாமாவுடையது. எண்பதுகளில் மொஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்தில் படித்து, பொறியியல் பட்டம் ஒன்று, கம்பளித் தொப்பி ஒன்று, அங்கே ஆரோ கழித்துவிட்ட செனித் கமரா ஒன்று, இவற்றோடு ஊர் வந்து சேர்ந்தவர். தொப்பிக்கு இந்த ஊரில் வேலையே இல்லை. கமராவின் ஷட்டர் எப்போதோ செத்துவிட்டது. மிஞ்சியது அலுமாரிக்குள் கிடந்த லென்ஸ். மிர்-1. குவியத்தூரம் 37 மில்லிமீற்றர், எஃப் 2.8. வெள்ளி நிற அலுமினிய உடம்பு, கையில் எடுத்தால் நல்ல பாரம். முன் வளையத்தில் 'கிறாண்ட் பிறீ பிரசெல்ஸ் 1958' என்று பொறித்திருக்கும். அந்த ஆண்டு பிரசெல்ஸில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்த மொடலுக்குப் பெரும்பரிசு கிடைத்தது உண்மைதான். மாமா அதைத் தானே மேடையேறி வாங்கிய மாதிரிச் சொல்லுவார்.

எங்கள் டிரெக்டருக்கு (கூடப் படித்தவன்தான், படம் எடுக்கத் தொடங்கின நாளிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை) புது லென்ஸ்கள் பிடிக்காது. "எல்லாம் கண்ணாஸ்பத்திரி மாதிரித் தெளிவா இருக்கு மச்சான், கதைக்கு ஒரு மயக்கம் வேணும்" என்பான். எனக்கு அந்த மயக்கத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் மிர்-1இல் வீடியோவுக்கென்றே செய்ததுபோல ஒரு வசதி உண்டு. வெளிச்சம் உள்ளே வருகிற துவாரத்துக்கு (எஃப் எண் சொல்வது அதன் அளவைத்தான்) இரண்டு வளையம். ஒன்றில் எவ்வளவு மூடலாம் என்று எல்லை வைத்துவிட்டால், மற்றது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்து மூடும். புதிய ஸ்டில் லென்ஸ்களில் 'டிக் டிக்' என்று கடிக்கிற அந்தப் பல்லைப் பிடுங்கத் தனியாகக் காசு கொடுத்து வேலை செய்விக்கிறார்கள். இதில் பிடுங்கப் பல்லே இல்லை.

ஃபோக்கஸ் வளையம்தான் அசைய மறுத்தது. உள்ளே இருந்த கிறீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. அம்மா தையல் மெசின் எண்ணெயோடு வந்து நின்றா. ஒரு சொட்டு விட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். சொட்டு எண்ணெய் இந்த வெயிலுக்கு இளகி ஓடித் துவார இதழ்களில் ஏறிவிடும், பிறகு இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னேன். "என்ரை மெசின் முப்பது வருசமா ஓடுது, அதுக்கு ஒட்டேல்லை" என்றா. வாதாடவில்லை. எண்ணெய்ப் போத்தலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, லிதியம் கிறீஸ் வாங்கப் போனேன்.

இந்த லென்ஸில் ஃபோக்கஸ் மரை ஒற்றை மரை அல்ல. பல மரைகள் ஒன்றாகத் தொடங்கும், ஆகவே பல இடத்தில் பிடிக்கும். அதில் ஓர் இடம்தான் சரி. கழரப்போகிற அந்தக் கணத்தில் இரண்டு பக்கமும் ஊசியால் ஒரு கீறு போட்டுவிட வேண்டும். போட்டேன். பழைய கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபோது வந்த பழுப்பைப் பார்த்து அம்மா, "உது மாமான்ரை ரஷ்ய அழுக்கு" என்றா. புதுக் கிறீஸ் பூசிக் கீறுக்குக் கீறு பொருத்தித் திருப்பினால், வளையம் வெண்ணெயில் போகிற கத்தி.

அடுத்தது கமராவில் பூட்டுவது. மாமாவின் லென்ஸ் பழைய செனித்தின் 39 மில்லிமீற்றர் மரை. நான் வாங்கி வைத்திருந்த அடாப்டர் 42 மில்லிமீற்றர் மரைக்கானது. நடுவில் மெல்லிய வளையம் ஒன்று போட்டால் பூட்டலாம், பூட்டியும் விட்டேன். வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்த்தால் அம்மாவின் முகம் அழகாக வந்தது. வேலியும் வந்தது. வேலிக்கு அங்கால் உலகம் இல்லை. தெரு, தென்னை, கடல் எல்லாம் கஞ்சி. மாமா பார்த்துவிட்டு, "இது ஆடி மாசம், கச்சான் காத்து. தூசு" என்று தீர்ப்புச் சொன்னார்.

தூசு இல்லை, கணக்கு. பழைய செனித்தில் லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் 45.2 மில்லிமீற்றர். 42 மரைக் கமராக்களில் அது 45.46. அடாப்டர் இரண்டாவது கணக்குக்குச் சுத்தமாகச் செய்யப்பட்டது. ஆக, லென்ஸ் 0.26 மில்லிமீற்றர் முன்னுக்கு நிற்கிறது. கால் மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். 37ஐ 37ஆல் பெருக்கி 0.26ஆல் பிரித்தால் ஐந்தே கால் மீற்றர் சொச்சம் வரும். அந்தத் தூரத்துக்கு அப்பால் எதையும் இந்தப் பூட்டலில் தெளிவாக்க முடியாது. எங்கள் வேலியும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். டிரெக்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "கதையை முற்றத்துக்குள்ளை மாத்தலாமோ?" என்று கேட்டான்.

லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருக்கும் ஐயா போட் புரொப்பெல்லர் தண்டு கடைவதில் கெட்டிக்காரர். அடாப்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எஞ்சினிலை எவடம்?"

"எஞ்சின் இல்லை ஐயா, கமரா."

"எத்தினை குதிரைவலு?"

சிரிக்காமல்தான் கேட்டார். முகப்பில் 0.26 மில்லிமீற்றர் சீவ வேண்டும் என்றேன். அவர் கையை விரித்தார். மில்லிமீற்றர்க் கதை தனக்குச் சரிவராது, இஞ்சியில் சொல் என்றார். அவருடைய தகப்பன் வெள்ளைக்காரன் காலத்து டொக்யாட்டில் வேலை பழகியவர். 1957இல் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டு வெள்ளைக்காரன் போய்விட்டான், அவனுடைய அளவு மட்டும் இந்தப் பட்டறையில் தங்கிவிட்டது. போனில் கணக்குப் போட்டேன். 0.0102 இஞ்சி.

"அட, பத்துத் தௌ!" இஞ்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தௌ. "பத்துத் தௌவுக்கோ இப்பிடி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தனி?"

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். சோடா ரின் ஒன்றை வெட்டி, அந்தத் தகட்டை அடாப்டரைச் சுற்றிப் போர்த்தினார், லேத்தில் சாமானைக் கவ்விப் பிடிக்கிற சக்கின் பல் கீறாமல் இருக்க. இறுக்கியும் இறுக்காமலும் பிடித்தார். மெல்லிய வளையம், கொஞ்சம் கூட இறுக்கினால் நெளிந்துவிடும். முதலில் ஐந்து தௌ. நிறுத்தி, துடைத்து, வேர்னியரை வைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். பிறகு நாலு. கடைசி ஒன்றுக்கு உளியைத் தொட்டாரா என்றே எனக்குத் தெரியவில்லை, அலுமினியம் மட்டும் தலைமயிரைவிட மெல்லிசாய்ச் சுருண்டு விழுந்தது. காசு வாங்கவில்லை. "படம் போடேக்கை சொல்லு" என்றார்.

பூட்டிப் பார்த்தால் வேலிக்கு அங்கால் உலகம் திரும்பி வந்திருந்தது. கடல் கோடு கத்தி மாதிரி. ஒரே ஒரு வித்தியாசம், லென்ஸின் மேற்பக்கம் பொறித்திருந்த தூர எண்கள் இருக்கும் பக்கம் இப்போது இடப்பக்கம் பார்க்கிறது. அதுவும் நியாயம்தான். மரை ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீற்றர். கால் மில்லிமீற்றர் சீவினால் லென்ஸ் இன்னும் கால் சுற்று உள்ளே போகும். ஃபோக்கஸ் இழுக்கிற எங்கள் சின்னவன் இடப்பக்கம்தான் நிற்பான். கழுத்தை வளைக்காமல் அவனுக்கு எண் தெரிந்தது. ஐயாவிடம் இதைச் சொன்னபோது, "அது தெரிஞ்சுதானே செய்தனான்" என்றார். நம்பவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை.

இனி மாமாவின் பிரச்சினை. அவருக்கு இது 'வைட்' லென்ஸ். வைட் என்றால் கோணேசர் கோயில் கோபுரமும் கடலும் வானமும் ஒரே சட்டத்துக்குள் வரவேண்டும். அந்தக் காலத்து ஃபிலிமுக்கு 37 அகலம்தான். என் கமராவின் சென்சர் சின்னது. அதில் 37 என்பது 55 போல ஒடுங்கிப் பார்க்கும். கோபுரத்தில் பாதிதான் வந்தது. "பின்னுக்குப் போய் எடு" என்றார் மாமா. கோணேசர் மலையில் பின்னுக்குப் போகலாம், ஆனால் கொஞ்சத் தூரத்தில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு வந்துவிடும்.

கலியாண வீடியோ எடுக்கிற தம்பியிடம் பெரிய சென்சர் கமரா இருந்தது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, கமரா சும்மா கிடந்தது. லென்ஸைப் பூட்டியதும் திரையில் எஃப் எண் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு. அவனுக்கு முகம் மாறிவிட்டது. "அண்ணை, ஓட்டோ ஃபோக்கஸ் இல்லையோ? அப்ப தாலி கட்டேக்கை என்ன செய்யிறது?" இந்தப் படத்தில் தாலி இல்லை என்று சத்தியம் பண்ணித்தான் கமராவை எடுத்தோம்.

டிரெக்டருக்கு இன்னொரு ஆசை. இரவில் போட் வெளிச்சங்கள் பெரிய ஹொலிவூட் படங்களில் போலக் குறுக்காய் நீளக் கோடு போட வேண்டும். அதற்கான லென்ஸ் வாங்க வீட்டை விற்க வேண்டும். ஆனால் லென்ஸுக்கு முன்னால் ஒரு நைலோன் நூலை நெட்டுக்கு இழுத்துக் கட்டினால், வெளிச்சம் அதில் பட்டுக் கிடைக்கோடாய்ச் சிதறும். மீன்பிடிச் சாமான் கடையில் ஒரு முழம் தங்கூசி கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தங்கூசி வலை தடை, தூண்டிலுக்கு வாங்குவதில் குற்றமில்லை.

"என்ன மீனுக்கு?"

"லென்ஸுக்கு."

"அது இந்தப் பக்கம் படுறேல்லையே."

ஒரு முழத்துக்குக் காசு எடுக்க வெட்கப்பட்டு, ஃபோக்கஸ் வளையத்தில் பிடியாக மாட்ட ஓஸ் கிளிப் (குழாயை இறுக்குகிற வளையம்) ஒன்றையும் சேர்த்து விற்றார். கிளிப்பின் திருகாணி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், சின்னவன் அதில் விரலை வைத்து இழுப்பான். கடையில் விற்கிற பல்லு வளையத்தைவிட இது நன்றாக வேலை செய்தது. நூலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. துவாரத்தை நன்றாகத் திறந்து வைக்க வேண்டும். எஃப் 11க்கு மூடினால் நூலே ஒரு சாம்பல் பட்டையாய்ப் படத்தின் நடுவில் வந்து நிற்கும்.

படப்பிடிப்பு அன்று பிரெட்ரிக் கோட்டை வாசலில் பையைத் திறந்து பார்த்த இராணுவச் சிப்பாய், வெள்ளி லென்ஸ், குறுக்கே தூண்டில் நூல், இடுப்பில் ஓஸ் கிளிப், முன்னால் பால்மாப் பெட்டியை வெட்டிக் கறுப்படித்த மறைப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேள்வி கேட்க எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்கும் தெரியவில்லைப் போல. கையை அசைத்துப் போகச் சொன்னார்.

மறைப்பு அவசியம். லென்ஸ் கண்ணாடியில் இருக்கும் அந்தக் காலத்துப் பூச்சு எங்கள் ஊர் வெயிலைத் தாங்காது, பக்க வெளிச்சம் பட்டால் படம் முழுக்கப் பால் ஊற்றிவிடும். கமராவை முக்காலியில் வைத்துவிட்டுப் பிளேன்டீ குடிக்கத் திரும்பினோம். கோட்டை மான் ஒன்று வந்து பால்மாப் பெட்டியைச் சாப்பிடத் தொடங்கியது. திருமலை மானுக்குப் பயம் கிடையாது. தோசைக் கடை வாசலிலேயே வளர்ந்த சாதி. விரட்ட டிரெக்டர் ஓடினான். "அடிக்காதை, பாவம்!" என்று கோயிலுக்குப் போன அம்மாமார் அவனை விரட்டினார்கள். மான் பெட்டியின் மூன்று பக்கத்தையும் ஆறுதலாய் மென்று, பசை ஒட்டின பக்கத்தைத் துப்பிவிட்டுப் போயிற்று. மிச்சப் படத்துக்கு மாமா தன் கையை மறைப்பாய்ப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு காட்சியில் அவருடைய மோதிரம் தெரியும்.

பின்னேரம் கச்சான் எழும்பியது. ஒலி எடுக்கிற பெடியன் ஹெட்போனைக் கழற்றி, "ஆரோ சீட்டி அடிக்கினம்" என்றான். சுற்றிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. இழுத்துக் கட்டின தங்கூசிதான் காற்றில் விண்ணென்று இரைந்துகொண்டிருந்தது, மைக் அதற்கு நேர் மேலே. நூலைக் கழற்றினால் கோடு போய்விடும், மைக்கைக் கழற்றினால் வசனம் போய்விடும். டிரெக்டர் வசனத்தைக் கழற்றினான். படம் அதனால் நன்றாய்த்தான் வந்தது. அவன் எழுதின வசனங்களை வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு முற்றத்தில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் போட்டோம். லேத் ஐயா முன்வரிசை. கதாநாயகன் கடலைப் பார்த்து அழுகிற இடத்தில் எல்லாரும் அமைதி. ஐயா மட்டும் பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, கடல் கோட்டைக் காட்டி, "பார், பத்துத் தௌ" என்றார். கோபுரம் முழுசாய் வரவில்லை என்று மாமாவுக்குக் கோபம். அன்றிரவே என் போனைப் பறித்து, 16 மில்லிமீற்றர் செனிட்டார் மீன்கண் லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதில் கடல் கோடு வில்லாய் வளையும் மாமா என்றேன். "வளைஞ்சா வளையட்டும், கோபுரம் வருமெல்லோ?" என்றார். கதிரை மடக்கிக்கொண்டிருந்த ஐயா அங்கிருந்தே கேட்டார்:

"அதுக்கு எத்தினை தௌ?"