சைக்கிள், கயாக், மலை: மூன்றுக்கும் ஒரே வேன் (இதுவரை செய்து பார்த்தவை)

சைக்கிள், கயாக் (துடுப்புப் போட்டுச் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு, எங்களுடையது காற்றடித்து விரித்து, பிறகு மடித்து வைக்கும் ரகம்), மலையேற்றம் மூன்றையும் தனித்தனிப் பயணமாக நினைத்துத் திட்டம் போட்டால் வேனில் இடமும் போதாது, பகலும் போதாது. ஒன்று இன்னொன்றுக்கு உதவுகிற மாதிரி அமைத்தால் கணக்கே மாறிவிடுகிறது. நானும் தம்பியும் சின்னச் சின்ன ஒத்திகைகளாகச் செய்து பார்த்ததில் கண்டது இதுதான். பெரிய பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் எது தேறியது, எது பாக்கி என்று எழுதி வைக்கிறேன்.

ஆற்றில் கயாக் விடுபவர்களுக்குத் தெரிந்த தலைவலி: நீரோட்டத்தோடு சுகமாக இறங்கிவிடலாம், வேன் மேலேயே நின்றுவிடும். துணைக்கு இன்னொரு வண்டி இல்லாத எங்களுக்குச் சைக்கிள்தான் அந்த இன்னொரு வண்டி. இதை இரண்டு விதமாகச் செய்யலாம். போகிற வழியில் கரையேறும் இடத்தில் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு, மேலே போய் வேனை நிறுத்தி, துடுப்புப் போட்டு இறங்கி, பிறகு ஒருவர் மட்டும் சைக்கிளில் ஏறி வேனை எடுத்து வருவது ஒன்று. வேன் ஓடும் தூரம் இதில் குறைவு. ஆனால் கரையில் காத்திருப்பவர் ஈர உடையோடு நடுங்கிக்கொண்டிருப்பார், சைக்கிள் மிதிப்பவரும் களைத்துப்போன பிறகு மேட்டில் ஏற வேண்டும்.

இன்னொரு விதம்தான் எங்களுக்குப் பிடித்துவிட்டது. முதலில் மேலே போய்த் தம்பியையும் கயாக்கையும் இறக்கிவிடுகிறேன். வேனைக் கீழே கரையேறும் இடத்தில் நிறுத்திவிட்டு, சைக்கிளில் மேலே வருகிறேன். அதற்குள் அவன் காற்றடித்து முடித்திருப்பான். இறங்கிக் கரையேறினால் எதிரிலேயே வேன், உள்ளே உலர்ந்த துணி. மேலே பூட்டிய சைக்கிளைத் திரும்பும்போது வேனிலேயே போய் எடுத்துக்கொள்கிறோம். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும், போகட்டும். வேன் சாவி மட்டும் கயாக்கில் வைக்கும் பொருளே கிடையாது. கவிழ்ந்து கயாக் மிதந்து போய்விட்டால் சாவியும் சேர்ந்து போய்விடும். இரட்டை நீர்புகாப் பையில் போட்டு, லைஃப் ஜாக்கெட்டின் ஜிப் வைத்த பைக்குள் என் உடம்போடுதான் அது வரும்.

இதே தந்திரம் மலைக்கும் பொருந்துகிறது. ஏறிய வழியே இறங்காமல் மறுபக்கம் இறங்க வேண்டுமென்றால், இறங்கும் இடத்தில் முன்கூட்டியே சைக்கிளை வைத்துவிட வேண்டும். ஹெல்மெட்டையும் அதோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் மேலே சுமக்க வேண்டாம். இதற்காகவே தனி ஷூவைப் பூட்டி மிதிக்கும் பிடிப்பு பெடல்களைக் கழற்றிவிட்டுத் தட்டையான பெடல் மாட்டினேன். மலைக்குப் போடும் ஷூவோடு அப்படியே மிதிக்கலாம், ஒரு ஜோடி ஷூ எடையும் மிச்சம்.

நேரக் கணக்குக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதியையே வைத்துக்கொள்கிறேன்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் நடை, 900 மீட்டர் ஏற்றம் என்றால் 4 மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. நின்று பார்ப்பது, சாப்பிடுவது எதுவும் இதில் சேராது. நாங்கள் நின்று பார்க்கிற ரகம் என்பதால் பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்கிறோம்.

அதிகம் மெனக்கெட்டது எடையில். வேனில் இடம் தீருவதற்கு முன் எடை வரம்பு தீர்ந்துவிடும். மொத்த எடையைப் பலரும் பார்க்கிறார்கள், பின் அச்சின் வரம்பை யாரும் கண்டுகொள்வதில்லை. பின்னால் தொங்கும் சைக்கிள் தாங்கி நெம்புகோல் மாதிரி வேலை செய்கிறது. இரண்டு சைக்கிளும் தாங்கியும் சேர்ந்து 60 கிலோ, முன் பின் அச்சுகளுக்கு நடுவே 3 மீட்டர், சுமை பின் அச்சுக்கு அப்பால் 1.5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பின் அச்சில் கூடுவது 90 கிலோ! முன் அச்சில் 30 கிலோ குறைந்துவிடும். முன்சக்கர இழுவை உள்ள வேன் ஈரப்புல்லில் சக்கரம் வெறுமனே சுழன்று நகராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடை மேடையில் முழு வண்டியையும், பிறகு பின் அச்சைத் தனியாகவும் போட்டுப் பார்த்தோம். மொத்தம் தேறியது, பின் அச்சு வரம்பை உரசிக்கொண்டிருந்தது. ஆகவே மடித்த கயாக் இப்போது முன் இருக்கைகளுக்குப் பின்னால், தண்ணீர் டேங்க் நிரப்புவது போய்ச் சேர்ந்த பிறகு. ஒரு லிட்டர் ஒரு கிலோ, டேங்க் நிறைய தண்ணீரை மலைப்பாதையில் இழுத்துக்கொண்டு போவானேன்?

எந்த நாளில் எது என்பதைக் காற்றிடம் விட்டுவிட்டோம். மூன்றிலும் காற்றுக்கு அதிகம் அஞ்ச வேண்டியது கயாக்தான். திறந்த ஏரியில் காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தொட்டால் நாங்கள் இறங்குவதில்லை. பகல் சூடேற ஏரிக்காற்று எழும்புவது வழக்கம் என்பதால் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. கரையிலிருந்து நீர்ப்பக்கம் வீசும் காற்று இன்னும் ஏமாற்றும்: கரையோரம் கண்ணாடி மாதிரி கிடக்கும், உள்ளே போனால் திரும்பி வர விடாது. காற்றடிக்கும் நாள் மரங்கள் சூழ்ந்த பாதையில் சைக்கிளுக்கு. சைக்கிளும் மலையும் இரண்டுமே கால்களைத்தான் களைக்க வைக்கும், ஆகவே வானிலை இடம் கொடுத்தால் நடுவில் ஒரு கயாக் நாள்.

ஈரம்தான் இன்னும் முழுதாகத் தீராத சங்கதி. நனைந்த உடையை உள்ளே தொங்கவிட்டால் இரவெல்லாம் கண்ணாடியில் நீர் வழிகிறது. அடுப்பைப் பற்றவைத்து உலர்த்தலாம் என்று தம்பி யோசனை சொன்னான், உடனே தடை போட்டேன். மூடிய வேனில் கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் ஆளை முடித்துவிடும், அதற்கான அலாரம் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போதைக்கு வலைப்பையில் போட்டு வெளியே பின்கதவுக்கு அடியில். கயாக்கின் தையல் மடிப்புகளில் தேங்கும் நீரைத் துண்டால் ஒற்றியெடுக்காமல் சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். அதோடு ஒரு நீர்நிலையின் விதைகளும் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகளும் அடுத்த நீர்நிலைக்கு நம்மோடு பயணம் போகும். ஏரி மாற்றும்போதெல்லாம் கழுவி உலர்த்துவது எங்களுக்குக் கட்டாயம்.

பாக்கி இருப்பது மின்சாரம். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் சுமார் 1,280 வாட்-மணி கிடைக்கும். தம்பி மின்சைக்கிள் கேட்கிறான். அதன் 500 வாட்-மணி பேட்டரியை இன்வெர்ட்டர் வழியாக நிரப்பினால் இழப்பையும் சேர்த்துக் கிட்டத்தட்ட பாதி போய்விடும், ஃபிரிட்ஜும் அதையேதான் நம்பியிருக்கிறது. வேன் ஓடும்போதே சைக்கிளுக்கு ஏற்றிக்கொள்ள முடிகிறதா என்று அடுத்த ஒத்திகையில் பார்க்க வேண்டும். மின்சைக்கிளின் கூடுதல் எடை பின் அச்சில் என்ன செய்யும் என்பதையும் அவனே எடை மேடைக்கு வந்து பார்க்கட்டும்.