கிட்டாரை இறக்கிக் கட்டிய ஐந்து மாதம்

மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவனுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் வீடு என்பது குளிக்கிற இடம் மட்டும்தான். மே கடைசியில் லாரிகள் வரிசை கட்டினால், ஜூலை முடியும்வரை எடைச்சீட்டும் நானும்தான். ஆகஸ்ட் வந்ததும் திடீரென்று சாயங்காலம் ஆறு மணிக்கே காவேரிப்பட்டணத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன், என்ன செய்வதென்று தெரியாமல். அந்த நேரத்துக்காகத்தான் நாலு வருஷம் முன்னால் ஓசூரில் ஒரு பையனிடம் பழைய கிட்டார் வாங்கினேன். ஜி, சி, டி, ஈ மைனர் என்ற நாலு கார்டையும், அதாவது பல சுரம் ஒன்றாக ஒலிக்கும் விரல் வடிவங்களைப் பிடித்து, நாலைந்து சினிமாப் பாட்டுக்கு வறட்டு வறட்டென்று அடிக்கத் தெரியும். அதற்கு மேல் ஏறவில்லை.

போன ஆகஸ்டில் ஒரு பாட்டு வந்து ஒட்டிக்கொண்டது. ‘ஷீ மூவ்ட் த்ரூ த ஃபேர்’ என்ற அயர்லாந்து நாட்டுப்பாட்டு. மெட்டு பழையது. இப்போது பாடுகிற வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர் பாட்ரிக் கோலம் என்ற கவிஞர். 1909ல் ஒரு தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கிலேய ஃபோக்-ராக் குழுவின் 1969 இசைத்தட்டில் சாண்டி டென்னி பாடியதைத்தான் முதலில் கேட்டேன். கதை சின்னது. சீக்கிரமே கல்யாணம் என்று சொல்லிவிட்டு, காதலி சந்தைக் கூட்டத்துக்குள் நடந்து போகிறாள். அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். கடைசியில் ஒரு ராத்திரி சத்தமே இல்லாமல் அவனிடம் வருகிறாள். அவள் உயிரோடு இல்லை என்பதை நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவரைத் தவறவிட்டவனுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. புடவை நிறம் மட்டும் கொஞ்ச தூரம் தெரியும், அப்புறம் அதுவும் தெரியாது.

இதை ஒற்றைக் கிட்டாரில், பிக் என்ற சின்னத் தகடு இல்லாமல் விரலால் மீட்டி வாசிக்க ஆசைப்பட்டேன். கிடைத்த குறிப்பின் தலைப்பில் டி ஏ டி ஜி ஏ டி என்று ஆறு எழுத்து போட்டிருந்தது. கம்பிகளை அப்படி மாற்றிக் கட்டு என்று அர்த்தம். நான் அதை மதிக்கவில்லை. வழக்கமான ஈ ஏ டி ஜி பி ஈ கட்டிலேயே சுரங்களைத் தேடிப் பிடித்து இரண்டு வாரம் வாசித்தேன். சுரமெல்லாம் சரி. ஆனால் வெறும் சோறு மாதிரி இருந்தது. இந்தப் பாட்டுக்கு டி சுரம் அடியில் ஓயாமல் ஒலிக்க வேண்டும். வழக்கமான கட்டில் டி-யாக நிற்பது நாலாம் கம்பி ஒன்றுதான் (எழுத்துகள் தடித்த ஆறாம் கம்பியிலிருந்து தொடங்கும், மெல்லியதுதான் முதல் கம்பி). அதையும் மெட்டுக்காக அழுத்திவிட்டால் அடித்தளம் செத்துப்போகும்.

சரி, மாற்றித்தான் பார்ப்போம் என்று இறங்கினேன். வேலை பெரிதில்லை. ஆறில் மூன்று கம்பிகளைத் தொடவே வேண்டாம். ஆறாவதும் முதலாவதும் ஈ-யிலிருந்து டி-க்கு, இரண்டாவது பி-யிலிருந்து ஏ-க்கு, அவ்வளவுதான் இறக்கம். கைபேசியில் ட்யூனர் செயலியைப் போட்டு முதல் கம்பியின் கீயைத் திருகினேன். ஈ போய் எஃப் வந்தது. இன்னும் திருகினேன், எஃப் ஷார்ப். எதிர்ப்பக்கம் திருப்புவதுதான் புத்திசாலித்தனம். எப்படியும் சுற்றிக்கொண்டு டி வந்துவிடும் என்று எந்தத் தைரியத்தில் நினைத்தேனோ, ஜி தாண்டியதும் பட்டென்று தெறித்து மணிக்கட்டில் கோடு கிழித்தது. கம்பியை முன்னால் போட்டவர் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறார். அதனால் கீயும் எதிர்மாறாக வேலை செய்திருக்கிறது. ஆனால் திரை சொன்னதைக் கேட்காமல் கை சொன்னதைக் கேட்டது நான்தான்.

புதுக் கம்பி போட்டபோது இன்னொன்று தெரிந்தது. என் கிட்டாரில் இருந்தது மெல்லிய செட், முதல் கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பத்துப் பங்கு தடிமன். ஆறாவது கம்பியை 82 ஹெர்ட்ஸிலிருந்து 73க்கு இறக்கினால் அதன் இழுப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மெல்லிய கம்பி துணி காயப்போட்ட கொடி மாதிரி தொய்ந்து, கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டையில் பட்டு ‘கிர்’ரென்றது. பன்னிரண்டிலிருந்து தொடங்கும் செட் வாங்கிப் போட்டதும் அடங்கியது. ஒரு முறை கட்டியதோடு விடவும் கூடாது. மூன்று கம்பியைத் தளர்த்தினால் கழுத்தின் மேல் இருக்கும் பளு குறைந்து, தொடாத கம்பிகள் தாமாகக் கொஞ்சம் ஏறிக்கொள்ளும். இரண்டு சுற்று வர வேண்டும்.

கட்டி முடித்து, எந்த விரலும் வைக்காமல் ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாக மெதுவாகத் தட்டினேன். பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது.

“மாப்ள, என்னா அது? சா பா சா... அப்புறம் மா வா?”

பக்கத்து வீட்டு மாமா கூத்தில் முகவீணை வாசிக்கிறவர், நாயனம் மாதிரி ஊதுகிற சின்னக் குழல் அது. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் எந்த ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தாலும் போய்விடுவார். விடிய விடிய வாசித்துவிட்டு, பகலில் தூங்குவார். ஆடி கழிந்தால் அவருக்கும் என்னைப் போலத்தான், கை சும்மா இருக்கும். சுவர் ஏறிக் குதிக்காத குறையாக வந்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னது சரி. டி-யைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் டி ஏ டி ஜி ஏ டி என்பது ச ப ச ம ப ச. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மூன்றாம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தினால் ம-வும் ப ஆகிவிடும். அப்புறம் ஆறு கம்பியிலும் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும்தான். வீணையின் நாலு தந்திகளும் ச ப ச ப. பக்கத்தில் இருக்கும் தாளத் தந்தி மூன்றும் ச ப ச. இரண்டு வாரமாக நான் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த விசித்திரம் என்று பயந்துகொண்டிருந்ததை, அவர் காதால் ஒரே தட்டில் வீட்டுக்குள் கூட்டி வந்துவிட்டார். இந்தக் கட்டைப் பரப்பியவர் டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கிட்டார்க்காரர். மொராக்கோவில் ஊத் என்னும் அரபு வாத்தியத்தோடு சேர்ந்து வாசிப்பதற்காகக் கம்பிகளை இப்படி மாற்றினார் என்பார்கள். 1960களின் தொடக்கத்தில் இதே சந்தைப் பாட்டைத்தான் இந்தக் கட்டில் வாசித்துக் காட்டினார். மாமாவிடம் சொன்னேன். “சுருதி வேணும்னு தேடிப் போனவன் சுருதிகிட்டதான் வந்து நிப்பான்” என்றார்.

காதுக்குப் புரிந்தது கைக்குப் புரியவில்லை. நாலு வருஷமாக விரல் பழகிய வடிவங்கள் எல்லாம் செல்லாக்காசு. பழக்கத்தில் ஜி பிடித்தால் அடியில் எஃப் முனகியது. ஜி இப்போது ஐந்தாம் ஃப்ரெட்டுக்குப் போய்விட்டது. ஒரு வாரம் கிட்டத்தட்ட எரிச்சல்தான். கடைசியில் கார்டு என்ற நினைப்பையே விட்டேன். சுரமாகத் தேடினேன். இரண்டாம் கம்பி சும்மா விட்டால் ப, இரண்டாம் ஃப்ரெட் த, மூன்றாம் ஃப்ரெட் நி. முதல் கம்பி ச, இரண்டில் ரி, நாலில் க, ஐந்தில் ம. எழுதி வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. பாட்டின் மெட்டு முழுக்க அந்த இரண்டு கம்பியிலேயே கிடைத்துவிட்டது. மேல்நாட்டில் மிக்ஸோலிடியன் என்கிறார்களே, அந்த வரிசை அப்படியே நம் ஹரிகாம்போதி. தமிழிசை அறிஞர்கள் செம்பாலை என்று சொல்வதும் இதைத்தான்.

பெருவிரல்தான் என்னைக் கொன்றது. அடி மூன்று கம்பிகளும் பெருவிரலுக்கு, மேல் மூன்றும் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களுக்கு என்று பாகப்பிரிவினை. பெருவிரல் ஆறு, நாலு, ஐந்து, நாலு என்று நிற்காமல் நடக்க வேண்டும். மெட்டு மேலே தன் இஷ்டத்துக்குப் போக வேண்டும். என் பெருவிரல் மாமியார் வீட்டு மருமகன் மாதிரி, மற்ற விரல் எழுந்தால்தான் எழுந்தது. ஒன்பது நாள் மெட்டைத் தொடாமல் பெருவிரலை மட்டும் ஓட்டினேன். பத்தாவது நாள் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். வாசித்துக்கொண்டே மனைவியிடம் பேச வேண்டும், விரல் நிற்கக் கூடாது. அவள் பால் கணக்கு கேட்டாள். “இருபத்தி...” என்றேன், நின்றுவிட்டது. மறுநாள் “இருபத்தி நாலு லிட்டர்” வரைக்கும் ஓடியது. பணத்தைக் கேட்டதும் மறுபடி நின்றது. முழுக்கணக்கும் சொல்லி முடிக்க இன்னும் ஒரு வாரம். அதற்கப்புறம்தான் மெட்டின் ஒவ்வொரு சுரமாகப் பெருவிரலோடு சேர்த்துக் கிள்ளினேன். பிறகு இரண்டு பெருவிரல் அடிக்கு நடுவில் விழும் சுரங்கள். இது எழுத ஒரு வரி, செய்ய தீபாவளி தாண்டியது.

நவம்பரில் கைபேசியில் சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோனோமை வைத்து நிமிஷத்துக்கு ஐம்பது தட்டில் முழுப்பாட்டையும் பிசகாமல் வாசித்தேன். பெருமையாக மாமாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவர் கைபேசியின் டிக் டிக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாட்டுக்காரி எப்படிப் பாடுறா, அதப் போடு.”

போட்டேன். இரண்டு வரி கேட்டதும் கையை உயர்த்தினார். “இது விருத்தம்டா. விருத்தத்துக்கு எவனாச்சும் தாளம் தட்டுவானா?”

அங்கேதான் முடிச்சு. பாடுகிறவர்கள் இந்தப் பாட்டைப் பெரும்பாலும் இழுத்தும் தளர்த்தியும்தான் பாடுகிறார்கள். வரி முடிகிற இடத்தில் மூச்சு எவ்வளவு வருகிறதோ அவ்வளவு நேரம் நிற்கிறது. நான் அதைச் சுவர்க்கடிகாரத்தில் கட்டிப் போட்டிருந்தேன். அதற்காக மெட்ரோனோமில் உழைத்தது வீண் என்று சொல்ல மாட்டேன், அது இல்லாமல் என் பெருவிரல் நடந்திருக்காது. நடக்கத் தெரிந்த பிறகு அதை நிறுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மாமா சொல்லிக்கொடுத்த வழி எளிது. வரியை முதலில் வாயால் பாடு, மூச்சு நிற்கும் இடத்தில் கையை எடு, அடிக்கம்பிச் சட்ஜம் தானாக ஓயும்வரை காத்திரு, அடுத்த வரியைத் தொடங்கு. விரல் வைக்காத திறந்த கம்பிகளுக்கு இதுதான் வேலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சும்மா இருக்கும்போதும் ஏதோ ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் தகராறு. க சுரம் கொஞ்சம் ஏறி நிற்கிறது என்றார் அவர். உண்மைதான். ஃப்ரெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டுகின்றன. இயற்கையாகச் சட்ஜத்தோடு இழையும் காந்தாரத்தைவிட ஃப்ரெட்டில் வரும் காந்தாரம் சுமார் 14 சென்ட் அதிகம், அதாவது ஓர் அரைச்சுரத்தில் நூற்றுக்குப் பதினாலு. முகவீணைக்காரர் உதட்டால் சரிசெய்துகொள்வார், எனக்கு உதடு இல்லை. “ஹார்மோனியக்காரனும் இதத்தான் சொல்லித் தப்பிக்கிறான்” என்று முணுமுணுத்தார். இரண்டாவது, நி-யை அசைக்கச் சொன்னார். கம்பி தளர்ந்திருப்பதால் இழுத்து அசைப்பது சுலபம்தான். அசைத்தும் பார்த்தேன், அயர்லாந்து போய் அரூர் வந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. வெறுமனே நிற்கும் அந்த நி-தான் பாட்டின் பாதி துக்கம் என்று வாதாடினேன். கதையைச் சொன்னபோது அவர் இன்னும் தீர்மானமாக இருந்தார்: “செத்தவ வந்து நிக்கிறாங்கிற, அப்ப முகாரில வெக்காம இத ஏன் வெச்சான்?”

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். டி என்பது நம் சுருதிக் கணக்கில் இரண்டு கட்டை. அவருக்கு அது பாதாளம். எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கவ்வியை மூன்றாம் ஃப்ரெட்டில் மாட்டினால் நாலு கட்டை. அப்போதும் கீழே என்றார். ஐந்தாம் ஃப்ரெட்டில் மாட்டினேன், ஐந்து கட்டை. தலையாட்டினார். முகவீணையை எடுத்துச் சீவாளியை நனைத்து ஒரே ஒரு ச ஊதினார். என் கிட்டார் இருந்த சுவடே தெரியவில்லை. தெரு நாய் இரண்டு எழுந்து குரைத்தன. எதிர்வீட்டம்மா வாசலுக்கு வந்து யார் வீட்டில் விசேஷம் என்று கேட்டார். மாமா சிரித்துக்கொண்டே வாத்தியத்தைத் துணியில் சுற்றிவிட்டு, வாயை மூடிக்கொண்டு முனகினார். நான் வாசித்தேன். மூன்றாவது வரியில் அவர் நி-யை அசைத்தார். நான் அசைக்கவில்லை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தது, மோசமாக இல்லை.

மாசியில் அவருக்குக் கூத்து ஒத்திகை தொடங்கிவிட்டது. மைத்துனன் வந்தபோது கிட்டாரை எடுத்து ஒரு சினிமாப் பாட்டுக்குக் கார்டு பிடித்தான். முகம் கோணிக்கொண்டு, “மாமா, இது கெட்டுப்போச்சு” என்று திருப்பிக் கொடுத்தான். ஏற்றிக் கட்டித் தருகிறேன் என்றேன், கட்டவில்லை. மாங்காய் லாரி வரும்வரை இப்படியே இருக்கட்டும். முதல் கம்பியில் துரு ஏறுகிறது. ஓசூர் போனால் இரண்டாக வாங்கிவர வேண்டும்.