இடதுபக்க இருக்கை

பதினாறு ஆண்டுகளாக நான் காரில் இடதுபக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். தருமபுரியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வேலை. ஸ்டீயரிங் படிக்க வந்தவர் கையில் இருக்கும். என் காலடியில் கூடுதலாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். இந்த வேலையில் முதலில் கெட்டுப்போவது வலது முழங்கால். மைத்துனர் காரில் போகும்போதுகூட வெறும் தரையை மிதித்துக்கொண்டு வருவேன். "மாமா, அங்கே பிரேக் இல்லை" என்று அவர் சிரிப்பார். காலுக்கு அது தெரிந்தால்தானே!

எங்கள் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பாக 'எல்' என்று எழுதியிருக்கும். ஓட்டுபவர் புதியவர், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சட்டம் கேட்கும் பலகை. நம் சாலையில் அதற்கு வேறு பொருள். அதைப் பார்த்ததும் பின்னால் வருபவரின் கை தானாக ஹாரனுக்குப் போய்விடுகிறது. பச்சை விளக்கு விழுந்து ஒரு நொடி ஆகியிருக்காது. முதல் கியர் விழாமல் புதியவர் தடுமாறுகிறார். பின்னாலிருந்து ஒரு நீண்ட ஹாரன். அவர் பதறிக் கிளட்சைப் படக்கென்று விடுகிறார், வண்டி அணைந்துவிடுகிறது. இப்போது மூன்று ஹாரன்கள். அடித்தவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் இதே இடத்தில் வண்டியை அணையவிட்டவர்கள்தான். சிலர் அணையவிட்ட அன்று பக்கத்தில் இருந்தவனே நான்தான்.

அந்த ஹாரனுக்கு நடுவில் நான் என்ன சொல்வேன் தெரியுமா? "எடுங்கள், எடுங்கள், சீக்கிரம்." முதல் நாள் பாடத்தில் அவசரப்படாதீர்கள் என்று சொன்ன அதே வாய்தான்.

எரிச்சலூட்டும் பழக்கங்களைச் சொல்ல ஆரம்பித்தால் பக்கம் போதாது. எதிரே வண்டி வந்தாலும் இறக்காத ஹைபீம், ஒரு கையில் கைபேசி, கண்ணாடியை மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டும் பைக், சாய்த்து நிறுத்திய லாரிக்குப் பின்விளக்கே இல்லாமல் ஒரு செடிக்கிளை. இவை எல்லா ஊரிலும் உண்டு. என்னை யோசிக்க வைப்பவை நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஆபத்துகள்.

இண்டிகேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகப்படி இடது விளக்கு மின்னினால் இடப்பக்கம் திரும்புகிறேன் என்று பொருள். லாரிக்காரர்களின் மொழியில் "வழி காலியாக இருக்கிறது, முந்திக்கொள்" என்றும் பொருள். வலது விளக்கு, நான் திரும்புகிறேன் என்றும் இருக்கலாம், எதிரே வண்டி வருகிறது, வராதே என்றும் இருக்கலாம். எது என்பதை இடம், நேரம், லாரி நகரும் விதம் பார்த்து ஊகிக்க வேண்டும். நான் இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தேன். தெரியாமல் நெடுஞ்சாலைக்குப் போனால் பிழைக்க முடியாது என்பது என் வாதம்.

ஒருநாள் காலை பென்னாகரம் சாலையில் ஒரு கல்லூரி மாணவன் ஓட்டிக்கொண்டிருந்தான். முன்னால் செங்கல் லாரி. இடது விளக்கைப் போட்டு, கையையும் வெளியே நீட்டி, போகச் சொன்னார் ஓட்டுநர். பையன் நான் கற்றுக்கொடுத்தபடியே வலப்பக்கம் ஏறினான். லாரியின் மூக்கை நாங்கள் தாண்டும்போது, வலப்பக்க மண்பாதையிலிருந்து பால் கேன்களோடு ஒரு மொபெட் தார்ச்சாலையில் ஏறியது. நான் பிரேக்கை அடித்தேன். கேன் எங்கள் பக்கக் கண்ணாடியை உரசிய சத்தம் கேட்டது. கண்ணாடி உள்ளே மடங்கிக்கொண்டது. ஓட்டியவர் விழவில்லை. கால் ஊன்றி நின்று, கேனின் மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்தார். திட்டவுமில்லை. லாரிக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடி வந்தார். அவர் முகம் எங்களைவிட வெளுத்திருந்தது. அவர் பார்த்ததெல்லாம் எதிரே வரும் சாலையை. மண்பாதை அவர் கண்ணில் படவில்லை. யாரைக் குற்றம் சொல்வது? அவர் உதவி செய்தார், பையன் நம்பினான், நம்பச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இந்த ஊரில் வண்டி ஓட்டக் கற்பவர்கள் என்றைக்காவது தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் ஆக வேண்டும். சேலம் போக 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டினால் இறக்கம் ஆரம்பித்துவிடும். கட்டமேடு, இரட்டைப் பாலம் என்ற பெயர்களை விபத்துச் செய்திகளில் படித்துப் படித்தே வெளியூர்க்காரர்களுக்கும் பழகிவிட்டது. நியூட்ரலில், அதாவது எந்த கியரிலும் போடாமல், இறங்காதே என்று அங்கே பலகை வைத்து எச்சரித்தும், இறங்குகிறார்கள். சங்ககிரிக்காரர் ஒருவர், லாரி ஓட்டி நரைத்தவர், நல்லம்பள்ளி டீக்கடையில் என்னிடம் காரணம் சொன்னார்: "மாஸ்டர், டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று கணக்கு. மிச்சம் பிடித்தால்தான் கையில் நாலு காசு. இறக்கம் சாமி கொடுத்தது."

அவர் கணக்கே தப்பு. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்றைய இன்ஜின்கள் டீசல் பாய்ச்சுவதையே நிறுத்திவிடுகின்றன. சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் எரிய வேண்டும். அதைவிட முக்கியம், கியரில் இருக்கும்போது இன்ஜினே வண்டியைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் முப்பது டன்னையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் கொதிக்கிறது, அதன் உள்ளே உரசும் லைனிங் பிடிப்பை இழக்கிறது. இன்ஜினையே அணைத்துவிட்டால் ஏர் பிரேக்குக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசரும் நின்றுவிடுகிறது. மிதிக்க மிதிக்க ஏர் டேங்கில் இருக்கும் காற்று குறையும். லைனிங் கருகும் நாற்றம் கணவாயில் கார் ஜன்னலுக்குள் வரும்; ஒரு முறை முகர்ந்தால் மறக்காது. எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். சங்ககிரிக்காரருக்கும் அது தெரியும். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இருக்கலாம் மாஸ்டர்" என்று டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

ஆக, தெரியாமல் செய்வதில்லை. போன மாதம் அதியமான்கோட்டைப் பக்கம் சர்வீஸ் சாலையில் ஒரு வெள்ளைக் கார் எதிர்த்திசையில் எங்களை நோக்கி வந்தது. முறையாகத் திரும்ப வேண்டுமானால் இன்னும் கொஞ்ச தூரம் போய் வர வேண்டும், அந்தச் சோம்பல்தான். என் மாணவி வண்டியை மண்ணில் இறக்கி நின்றுவிட்டார். வெள்ளைக் கார் பக்கத்தில் வந்ததும் கண்ணாடி இறங்கியது. "வணக்கம் சார்! இன்னும் இங்கேதான் இருக்கிறீர்களா?" ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்தவர். எதிர்த்திசையில் ஓட்டுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல், முதல் தடவையே சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ வரலாம் என்று அவருக்குப் பின் வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று நானும் கையைத் தூக்கி வணக்கம் சொன்னேன். அவர் அதே திசையில் தொடர்ந்து போனார். என் மாணவி ஒன்றும் பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அந்த மாணவி அங்கன்வாடிப் பணியாளர், நாற்பதைத் தாண்டியவர். சென்ற வாரம் பள்ளி விடும் நேரத்தில் ஊருக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோடுகளுக்கு முன்னால், நான் சொல்லாமலே நிறுத்தினார். பிள்ளைகள் கடக்க ஆரம்பித்தார்கள். பின்னால் ஒரு டவுன் பஸ், அதற்குப் பின்னால் ஆட்டோக்கள். முதலில் ஆட்டோ அடித்தது, பிறகு பஸ். கடைசியாக வந்த சிறுவனின் செருப்பு பாதிச் சாலையில் கழன்றுவிட்டது. திரும்பிப் போய்க் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"எடுங்கள்" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த அம்மா கண்ணாடியில் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நிதானமாகக் கைப்பிரேக்கை மேலே இழுத்தார். சிறுவன் ஒரு வார்தான் மாட்டியிருந்தான், இன்னொரு வார் பாக்கி. ஹாரன் நிற்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என் இடது கால் மட்டும், பழக்கத்தில், கிளட்சின்மேல் போய் நின்றிருந்தது.