பீரோ இறங்காத மாடியும் அருங்காட்சியக பிளானும்

செவ்வாய்ப்பேட்டையில் தாத்தா வீட்டுத் தளம் ஒழுகுகிறதென்று போன வருடம் கை வைத்தோம். மாடியில் ஒரு தேக்கு பீரோ. நாலு பேர் பிடித்தும் படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேஸ்திரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆசாரிதான் சார் மேல ஏறியிருக்காரு, பீரோ ஏறல" என்றார். மாடியிலேயே வைத்துச் செய்திருக்கிறார்கள்! தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம், அன்று ராத்திரியே மழை, சரி, அது தனிக்கதை.

எனக்குப் பிழைப்பு பிளான் வரைவது. சில வருடம் முன்னால் ஒரு பெரிய அருங்காட்சியகத்தின் பழைய கட்டடத்தைச் சீர்செய்து பக்கத்தில் புதிதும் கட்டும் திட்டத்தில் எங்கள் குழு இருந்தது. முதல் மீட்டிங்கில் எல்லோரும் முகப்பு, கண்ணாடி, கேன்டீன் என்று பேசிக்கொண்டே போக, சிலைகளைப் பராமரிக்கும் ஓர் அம்மா கடைசி வரிசையிலிருந்து, "பழைய ஓட்டைப் பிரிக்கிற அன்னைக்கு என் சாமியெல்லாம் எங்கே இருக்கும்?" என்றார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

நானும் முகப்பைத்தான் வரைந்திருந்தேன். முதலில் கட்ட வேண்டியது கிடங்கு. பெரிய அருங்காட்சியகங்களில் நாம் பார்ப்பது கொஞ்சம், பூட்டிய அறைகளில் இருப்பதுதான் அதிகம், அதையெல்லாம் எண்ணி, படம் எடுத்து, நம்பர் போட்டு மாற்றிய பிறகுதான் பழைய சுவரில் உளி படலாம். வீட்டுத் தளம் தாங்க வேண்டிய சுமையாக நாங்கள் கணக்குப் போடுவது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. சிலைக் கருங்கல்லோ ஒரு கன மீட்டரே 2.7 டன் வரும். அந்தக் கல் லாரியிலிருந்து பீடம் வரை போகும் வழியை ஏற்காட்டு மலைப்பாதை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: 20 கொண்டை ஊசி வளைவில் 19 அகலமாக இருந்து என்ன பயன், ஒன்று குறுகினால் வண்டி அங்கேயே நிற்கும். அட்டையில் சிலை அளவுக்கு வெட்டி பிளான் மேல் நகர்த்திப் பார்த்தேன், லிஃப்ட் வாசலில் முட்டியது.

அப்புறம் ஏசி. பகலில் ஓட்டி ராத்திரி நிறுத்தினால் ஈரப்பதம் ஏறி இறங்கி மரச்சிற்பம் வெடிக்கும். உப்பேறிய வெண்கலம் ஈரம் பட்டால் பச்சைப் பொடியாக உதிரும். கிடங்கு கூரைக்கு மேலே தண்ணீர்க் குழாய் கூடவே கூடாது. நெருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 2018இல் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்ததே, அதுவும் ஏசியில்தான் ஆரம்பித்தது.

டெண்டர் தள்ளிப்போனால் புலம்புகிறோம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தை 2003இல் மூடி 2013இல்தான் முழுதாகத் திறந்தார்கள், இழுபறிக்குக் கட்டடத்துக்குக் கீழே போகும் சைக்கிள் பாதைத் தகராறும் ஒரு காரணம். பெர்லினில் பெர்கமோன் அருங்காட்சியகத்தைச் சீர்செய்யும் வேலை முழுதாக முடிய 2037 என்கிறார்கள்.

எஸ்டிமேட் எகிறியதும் முதலில் வெட்டச் சொன்னது எதை? கிடங்கைத்தான். யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்காத இடமாம். கேன்டீனைப் பாதியாகச் சுருக்கி அதைக் காப்பாற்றினோம். கடைசி மீட்டிங்குக்கு அந்த அம்மா டேப்போடு வந்து, லிஃப்ட் வாசல் அகலத்தை மேஜை மேலேயே இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.