வைக்கோல் நிறம் வரும்வரை

உலோக வேலைப் பாடத்தின் கடைசித் தவணையில் ஆளுக்கொரு வேட்டைக் கத்தி செய்தது, நம் வகுப்பில் இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. பாடசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது அந்த வேலைதான்.

தேய்ந்துபோன பழைய அரங்களில்தான் செய்தோம். நல்ல அரம் ஏறக்குறைய 1 சதவீதம் காபன் உள்ள உருக்கு. அந்தக் காபன் இல்லாத சாதாரண இரும்புத் தகட்டை எவ்வளவு சுட்டுத் தோய்த்தாலும், அதாவது சூட்டோடு அமிழ்த்திச் சட்டென்று ஆறவைத்தாலும், கூர் நிற்காது. மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட அரங்களும் உண்டு. அவற்றைப் பாடம் எடுத்த சேர் முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டார். மிச்சத்தைச் சிவக்கச் சுட்டுச் சாம்பலில் புதைத்தோம். இரவு முழுக்க மெல்ல ஆறினால்தான் இன்னொரு அரத்தால் அதை ராவ முடியும்.

வேட்டைக் கத்தி என்றால் பார்க்கவே பயமாக இருக்கவேண்டும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதன் வேலை தோலுரிப்பதும் இறைச்சியைப் பிரிப்பதும்தான் என்று சொல்லி, அலகு 10 சென்ரிமீற்றர் போதும், தடிப்பு 3 மில்லிமீற்றர் போதும் என்று சேர் கோடு போட்டுத் தந்தார். முதுகுப்பக்கம் நுனியை நோக்கி மெல்ல இறங்கவேண்டும். அப்போதுதான் வயிற்றைக் கீறும்போது நுனி குடலில் குத்தாது.

அப்புறம் ராவல். பழைய பற்களின் சுவடு ஒன்றுகூட மிஞ்சக்கூடாது, தோய்க்கும்போது வெடிப்பு அங்கேதான் தொடங்கும். கூர் வரப்போகும் ஓரத்தை இப்போதே மெல்லியதாக்காமல் 1 மில்லிமீற்றர் அளவில் விடவேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் நெளிந்துவிடும். பிடிக்கான துளைகளையும் உருக்கு மென்மையாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். அரத்தை முன்னே தள்ளும்போது அழுத்தி, திரும்பும்போது தூக்கி, வாரக்கணக்கில் ராவினோம். அங்கே மின்சாணை இல்லாதது நல்லது என்றே சொல்வேன். கை பழகியது, கண்ணும் பழகியது.

தோய்க்கும் நாளில் சேர் ஜன்னல்களைச் சாத்திவிடுவார். வெளிச்சத்தில் சூட்டின் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது. கம்பியில் கட்டிய காந்தத்தை அலகில் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். 770 பாகை செல்சியஸ் அளவில் உருக்கைக் காந்தம் இழுக்காது. "தம்பி, காந்தம் ஒட்டாமல் போனால் இன்னும் கொஞ்சம்தான். ஆசைப்பட்டுக் கூடச் சூடாக்காதே" என்பார். கூடிப்போனால் உள்ளே உருக்கின் மணிகள், அதாவது நுண்ணிய படிகங்கள், பெருத்து உருக்கு நொறுங்கலாகிவிடும். சரியான நிறத்தில் எடுத்து, இளஞ்சூட்டு எண்ணெயில் நுனி கீழே பார்க்க நேராக இறக்கவேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் அலகு வளையும். தண்ணீர் வேண்டாம், வெடித்துவிடும். ஆறியபின் ஓரத்தில் அரத்தை வைத்தால் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சத்தம் கேட்டால் தோய்ச்சல் பிடித்துவிட்டது.

எல்லோரும் தீயையும் எண்ணெய்ப் புகையையும்தான் பேசுவார்கள். கத்தி கத்தியாவது அதற்குப் பிறகு என்பது என் எண்ணம். தோய்த்த அலகு கீழே விழுந்தாலே உடையக்கூடும், அதனால் கடினத்தைக் கொஞ்சம் இறக்கவேண்டும். அலகைப் பளபளப்பாகத் தேய்த்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டியின்மேல் முதுகை வைத்துப் பிடித்தோம். 200 பாகையைத் தாண்டியதும் உருக்கின் மேல் மெல்லிய ஒட்சைட் படலம் நிறமாக ஓடத் தொடங்கும்: வெளிர் வைக்கோல் நிறம், பிறகு கபிலம், ஊதா, 300ஐ நெருங்கும்போது நீலம். முதுகில் நீலம் ஏறலாம், அது வளைந்து கொடுக்கும். ஓரத்தில் வைக்கோல் நிறம் தெரிந்த கணமே எடுத்துத் தண்ணீரில் போடவேண்டும். நிறங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓரத்தை நோக்கி வருவதை, மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். அவ்வளவு கவனமாக நான் வேறு எந்தப் பாடத்திலும் இருந்ததில்லை. வீட்டில் செய்பவர்கள் அடுப்பறை ஓவனில் 200 பாகையில் ஒவ்வொரு மணி நேரமாக இரண்டு தரம் வைத்தால் அலகு முழுக்கச் சீராகவே பதம் இறங்கும்.

பிடிக்கு இரண்டு மரத்துண்டு, பித்தளை ஆணி, பசை. பிறகு கல்லில் பக்கத்துக்கு 20 பாகை சாய்த்துத் தீட்டினோம்.

அந்தக் கத்தியை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அது துருப்பிடிக்காத உருக்கு அல்ல. துடைத்து, எண்ணெய் பூசி, உறைக்கு வெளியே வையுங்கள். தோலுறைக்குள் கிடந்தால் ஈரம் பிடித்து, நாம் ராவிய அலகைத் துரு தின்றுவிடும்.