அக்கா பையனை வானத்தில் ஏற்றிச் செல்ல நான் முடித்த வேலைகள்

போன வருடம் பிப்ரவரியில், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அக்கா ஒரு தாளை அரை மணி நேரம் படித்தாள். ஒரே ஒரு தாள்தான். அவள் பதினாறு வருடமாகக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா அம்மாவிடம் கையெழுத்து வாங்குவது அவளுக்கு அன்றாட வேலை. அதனால் கையெழுத்துப் போடும் இடம் எங்கே என்று நேராகக் கீழே பார்க்கிற ஆள் இல்லை. வரி வரியாக விரல் வைத்துப் படித்து முடித்துவிட்டு என்னைக் கேட்டாள்: "நீ ஓட்டுவேன்னு எனக்குத் தெரியும். என் புள்ளைய வெச்சு ஓட்டலாம்னு உனக்கு யார் சொன்னது?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. முந்தைய நான்கு மாதமாக அந்தப் பதிலைத்தான் ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் நம்மவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சிகாகோவுக்கு மேற்கே ஒரு ஊரில் வேலை பார்க்கிறேன். 2019இல் பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்தேன். அங்கே இஏஏ (எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்) என்று விமான ஆர்வலர்களின் அமைப்பு ஒன்று இருக்கிறது, விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்ற ஊரில் தலைமையகம். அவர்கள் 1992இல் யங் ஈகிள்ஸ் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். 8 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகளைச் சாதாரண விமானிகள் தங்கள் சின்ன விமானத்தில் பதினைந்து இருபது நிமிடம் ஏற்றிச் சென்று காட்டுவார்கள். பிள்ளையிடம் ஒரு காசு வாங்கக் கூடாது, பெட்ரோலுக்குக்கூட வாங்கக் கூடாது. ரைட் சகோதரர்கள் பறந்து நூறு வருடம் நிறையும் 2003 டிசம்பர் 17க்குள் 10 லட்சம் பிள்ளைகள் என்று குறி வைத்து அதை எட்டினார்கள். 2016இல் 20 லட்சம் ஆனது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆசை என்றால், நான் காலேஜ் படிக்கும் காலத்தில் பெங்களூரு ரோட்டில் அப்துல்லாபுரம் விமானத்தளத்தில் பயிற்சி விமானங்கள் இறங்கி ஏறும். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் இடம் பிடித்து அந்த வேலியைத் தாண்டிப் பார்ப்பேன். கிட்டப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்கக்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அரக்கோணத்தில் கடற்படைத் தளமே இருக்கிறது, அது வந்ததும் அதே 1992இல்தான், ஆனால் அதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு வானத்தில் கேட்கும் சத்தம் மட்டும்தான். அக்கா பையனுக்குப் பதினொரு வயது. போன முறை ஊருக்கு வந்தபோது அவனும் அதே வேலியில் நின்று, "சித்தி, நீ ஓட்டுறதுல என்னைக் கூட்டினு போவியா?" என்று கேட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் இஏஏவில் உறுப்பினராக வேண்டும். கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன், அதில் ஒன்றும் இல்லை. லைசென்ஸ் ஸ்போர்ட் பைலட்டோ (சின்ன விமானங்களுக்கான அடிப்படை லைசென்ஸ்) அதற்கு மேலோ இருக்க வேண்டும். படிக்கிற நிலையில் இருக்கும் ஸ்டூடண்ட் பைலட் யாரையும் ஏற்ற முடியாது. ஓட்டும் விமானத்துக்கு மெடிக்கல், அதாவது மருத்துவத் தகுதிச் சான்று, தேவை என்றால் அது காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு மெடிக்கலை நாற்பது வயதுக்குள் எடுத்தால் 60 மாதம் செல்லும், அதற்குப் பிறகு எடுத்தால் 24 மாதம்தான். எனக்கு அது தேதிக்குள் இருந்தது.

ஃப்ளைட் ரிவ்யூதான் இருக்கிறதே, அதில் தேதியைக் கவனியுங்கள். 24 மாதத்துக்கு ஒருமுறை ஒரு இன்ஸ்ட்ரக்டரோடு தரையில் குறைந்தது ஒரு மணி நேரம், மேலே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். எனக்கு இருபத்து மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது, ஊருக்குக் கிளம்பும் முன்பே முடித்துக்கொண்டேன். அன்று இன்ஸ்ட்ரக்டர் ஏறியவுடனே இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைக் குறைத்து, "இன்ஜின் நின்றுவிட்டது, பின்னால் ஒரு குழந்தை அழுகிறது, என்ன செய்வாய்?" என்று கேட்டார். இறங்கும் வயலை முதலில் பார், விமானத்தின் வேகத்தை விடாதே, குழந்தையிடம் ஒரு வரி அமைதியாகப் பேசு. இந்த வரிசையை அவர் மூன்று முறை செய்ய வைத்தார். அக்கா பிற்பாடு இதே கேள்வியைக் கேட்டபோது அப்படியே சொன்னேன், அவளும் தலையசைத்தாள், வார்டில் அவர்களுக்கும் வரிசை அதுதானாம்.

எனக்கு அதிகம் இழுத்தடித்தது பெயர். உறுப்பினராகச் சேர்ந்தவர் பிள்ளைகளை ஏற்ற வேண்டுமானால் இளையோர் பாதுகாப்புக்கு ஒரு ஆன்லைன் பயிற்சியும், பின்னணிச் சரிபார்ப்பும் முடிக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் செய்ய வேண்டும். நம் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் கடைசியில் இருக்கிறது, லைசென்ஸிலும் அப்படியே. இஏஏவில் சேரும்போது மட்டும் பழக்கத்தில் இனிஷியலைப் போட்டுவிட்டேன். சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிட்டது. போன் பண்ணி, உறுப்பினர் பெயரை அரசு அடையாள அட்டையில் உள்ளபடி மாற்றிய பிறகுதான் நகர்ந்தது. தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் சேரும் நாளிலேயே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதிவிடுங்கள், இரண்டு வாரம் மிச்சம். (விமானம் ஓட்டப் படிக்கச் சேர்ந்தபோதே வெளிநாட்டுக்காரர் என்பதால் டிஎஸ்ஏ என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் அனுமதி, கைரேகை என்று ஒருமுறை பட்டிருந்தும் இதை நான் யோசிக்கவில்லை.)

பயிற்சியை வேலூரில்தான் முடித்தேன். மத்தியானம் கரண்ட் போய் வரும் நேரத்தில், லேப்டாப்பை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு. விமானம் பற்றி அதில் எதுவும் இல்லை. ஒரு பிள்ளைக்குத் துன்பம் நடக்கிறது என்பதற்கு என்னென்ன அறிகுறி, நீ எங்கே எல்லை வைத்துக்கொள்ள வேண்டும், சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், இதுதான் பாடம். விமானி நண்பர்கள் சிலர் "நல்லது செய்ய வருகிறவர்களை எதற்குக் குற்றவாளி போலப் பார்க்கிறார்கள்" என்று என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள், எனக்கும் உள்ளூர அந்த வருத்தம் கொஞ்சம் இருந்தது. அக்கா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் எங்களுக்கும் சொல்லித் தர்றதுதான். போக்சோ சட்டத்துல தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதுவே குத்தம்" என்றாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் ரெக்கார்டைக்கூடப் பார்க்காம, என் புள்ளைய கதவு சாத்தின ஒரு டப்பாவுல ஏத்தினு மேல போறாருன்னா நான் அனுப்புவேனா? நீ அனுப்புவியா?" என்றாள். அதோடு எனக்கு அந்த வருத்தம் போய்விட்டது. வரிசையில் பிள்ளையோடு நிற்கும் ஒரு அம்மாவுக்கு என் லேண்டிங் எப்படி என்று பார்க்கத் தெரியாது. பறந்த கணக்கை எழுதி வைக்கும் லாக்புக்கை நீட்டினாலும் புரியாது. அவள் கேட்க நினைத்தும் கேட்கத் தயங்குகிற எல்லாவற்றையும் யாரோ முன்கூட்டியே என்னிடம் கேட்டு முடித்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் துணை. இந்த நிபந்தனைகளை நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன்.

இன்சூரன்ஸ் இன்னொரு தலைவலி. ஓட்டும் விமானத்துக்குப் பயணிகளுக்கான பொறுப்புக் காப்பீடு கட்டாயம், சொந்தமோ வாடகையோ இரவலோ எதுவானாலும். நான் ஓட்டுவது வாடகைக்கு எடுக்கும் செஸ்னா 172 என்ற சின்ன விமானம். வாடகைக்கு விடும் இடத்தில் "எங்கள் பாலிசியில் இதெல்லாம் வராது" என்று வாய் வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாலிசியை யாரும் எடுத்துப் பார்க்கவே இல்லை. நான் விடவில்லை, எழுத்தில் கொடுங்கள் என்று மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டேன், மூன்று வாரம் கழித்து, பாலிசியில் இதுவும் அடங்கும் என்றே பதில் வந்தது. வாய்ப்பேச்சை நம்பி ஒதுங்காதீர்கள், ஏறவும் ஏறாதீர்கள், காகிதம் வாங்குங்கள்.

கடைசியாக அந்தத் தாள். பிள்ளை ஏறும் முன் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும், விமானியும் போட வேண்டும். சித்தி போட முடியாது, பாட்டி போட முடியாது. மே மாதம் லீவில் எங்கள் அம்மாதான் பையனை அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது, அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால்தான் அந்தப் படிவத்தை முன்னதாகவே கேட்டு வாங்கி சத்துவாச்சாரிக்கு எடுத்துப் போனேன். அக்கா அரை மணி நேரம் படித்து, கேட்டு, மாமாவையும் படிக்கச் சொல்லி, அப்புறம்தான் போட்டாள். நான் அவசரப்படுத்தவில்லை. ஆற்காடு மக்கன் பேடா டப்பாவுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்தத் தாள் அம்மாவின் பெட்டியில் வந்து சேர்ந்தது.

இதற்குள் இன்னொன்று. பயணியை ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். பனிக்காலம், அப்புறம் வேலூரில் ஏழு வாரம் என்று எனக்கு அந்தக் கணக்குத் தவறிப்போயிருந்தது. ஏப்ரலில் தனியாகப் போய் மூன்றுக்குப் பதில் ஒன்பது லேண்டிங் போட்டேன். சட்டத்துக்கு மூன்று போதும், எனக்குப் போதவில்லை.

அவர்கள் வந்த பிறகு, பிள்ளைகளை ஏற்றும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே ஆரம்பித்தோம், வெயில் ஏறினால் விமானம் குலுங்கும், பிள்ளைக்கு வாந்தி வரும். பக்கத்து வீட்டுக்காரரோடு வந்த ஒரு பையனிடம் பெற்றோர் கையெழுத்து இல்லை. அவனைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது, தொப்பியைக் கழற்றாமல் வேலியோரம் நின்று மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்தான். எனக்கு அது இன்னும் வலிக்கிறது. ஊரில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், பள்ளியிலோ கல்லூரியிலோ என்சிசி விமானப் பிரிவு இருந்தால் சேர்த்துவிடுங்கள், அதில் மைக்ரோலைட் விமானத்தில் ஏறும் வாய்ப்பு உண்டு.

எங்கள் முறை வந்தது. இறக்கைக்கு அடியில் வால்வை அழுத்திக் கண்ணாடிக் குழலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து அக்கா பையன் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், வெளிர் நீலம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகக் குமிழியாக நிற்கும் என்று சொல்லிக்கொடுத்தேன், "ஒண்ணும் இல்ல சித்தி, கிளீன்" என்றான். புரொப்பெல்லர் பக்கம் போகவே கூடாது என்பதை அவன் வாயால் திருப்பிச் சொல்ல வைத்தேன். முன்சீட்டில் வலது பக்கம் உட்கார வைத்து பெல்ட்டை அவனையே மாட்டச் சொன்னேன், சரியா என்று பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். அந்தப் பழக்கம் பயிற்சிக்குப் பிறகு வந்தது, எந்தப் பிள்ளையானாலும் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன்.

ஆயிரத்து ஐந்நூறு அடிக்குப் போன பிறகுதான் பேசினான். 172இல் இறக்கை மேலே இருப்பதால் கீழே எல்லாம் தெளிவாகத் தெரியும். ஃபாக்ஸ் ஆறு வந்தது. ஹெட்செட்டில் அவன் குரல் கீச்சென்று ஏறியது: "சித்தி, ஆறு மொத்தமும் தண்ணி!" பாலாற்றுப் பாலத்தைத் தினம் பள்ளி வேனில் கடக்கிற பிள்ளை, அவன் பெரும்பாலும் பார்த்தது மணலும் முள்செடியும்தான். திரும்பும் வரை ஆற்றின் மேலேயே போகலாமா என்று கேட்டான், போனோம். இரண்டு நிமிடம் ஸ்டீயரிங்கை அவன் பிடித்தான், நான் என் கையை அதற்கு அடியில் விரித்து வைத்திருந்தேன். செங்குத்தாகத் திருப்புவது, வித்தை காட்டுவது எதுவும் நான் செய்யவில்லை, முதல் தடவை பறக்கிற பிள்ளைக்கு அது வேண்டாம்.

இறங்கி, அவனுக்குக் கொடுத்த லாக்புக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மணி ஒன்பது, வேலூரில் இரவு ஏழரை. அக்கா டியூட்டி முடிந்து வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள், முதல் மணியிலேயே எடுத்தாள். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. "பெல்ட்டு யார் போட்டது?" என்றாள்.

"நானே போட்டேன்மா. சித்தி கேட்டுட்டு இழுத்துப் பாத்தாங்க."

"சரி, இப்ப சொல்லு" என்றாள்.