எட்டு மாத வயிற்றோடு நாய்க்கடி ஊசிக்கு அலைந்த அனுபவம்

கர்ப்பிணியை நாய் கடித்தால் தடுப்பூசி போடலாமா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடலாம், அன்றைக்கே போட வேண்டும், எல்லாத் தவணையும் போட வேண்டும். இதை யாராவது முதல் ஒரு மணி நேரத்தில் எனக்கு உறுதியாகச் சொல்லியிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலூர் முழுக்க ஆட்டோவில் சுற்றியிருக்க மாட்டேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. நாளைக்கு இன்னொரு பெண் அதே மாதிரி அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வளைகாப்பு முடிந்து புதுச்சேரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். திருப்பாதிரிப்புலியூர் பக்கம் வீடு. பின்பக்கம் அம்மா நாட்டுக்கோழி வளர்க்கிறார். கூண்டு இருந்தாலும் ஒரு பெட்டை மட்டும் கற்றாழைத் தொட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில் இடம் பிடித்து அடைக்கு உட்கார்ந்திருந்தது. தெருநாய் ஒன்று பின்வாசல் வழியாக நுழைந்து அதைக் கவ்வியது. நான் துடைப்பத்தை ஓங்கினேன். கோழியை விட்டுவிட்டு என் கெண்டைக்காலைக் கடித்துவிட்டு ஓடிவிட்டது. இரண்டு பல் ஆழமாக இறங்கி, நைட்டி நனைகிற அளவுக்கு ரத்தம்.

அப்பா செய்த ஒரு காரியத்துக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பின்கட்டுக் குழாயடியில் முக்காலி போட்டு என்னை உட்காரவைத்து, துணி சோப்பைக் காயத்தில் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீரை ஓடவிட்டார். “கால் மணி நேரம் கழுவணும்” என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அந்தக் குழாயடியில்தான் தெரிந்தது. ஐந்து நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். விடாதீர்கள். ரேபிஸ் கிருமிக்குக் கொழுப்பு கலந்த மேலுறை இருக்கிறது, சோப்பு அதைச் சிதைத்துவிடும். எந்த சோப்பாக இருந்தாலும் சரி.

இதற்குள் பெரியம்மா தொட்டியிலிருந்து ஒரு மடல் கற்றாழையை ஒடித்து, மஞ்சள்தூளோடு வந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா காபித்தூள் வைக்கச் சொன்னார். எல்லாம் பாசத்தில் சொல்வதுதான், ஆனால் காயத்தில் எதையும் அப்பக் கூடாது. இறுக்கிக் கட்டும் போடக் கூடாது. அந்த மஞ்சள்தூளை அம்மா வாங்கிக் கோழிக்குத் தடவிக் கூடையில் கவிழ்த்து வைத்தார். அது பிழைத்துக்கொண்டது.

அடுத்ததாக வீட்டில் பஞ்சாயத்து. “நம்ம தெரு நாய்தான், எல்லாரும் சோறு வைக்கிறோமே. பத்து நாள் பார்ப்போம், நாய்க்கு ஏதாவது ஆனால் ஊசி போடலாம்” என்றார் சித்தப்பா. இந்தப் பத்து நாள் கணக்கு பலருக்குப் பாதிதான் தெரியும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது உண்மைதான், ஆனால் ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். நாய் செத்த பிறகு ஓடுவதில் அர்த்தமில்லை. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

பெரியம்மாவின் பயம் வேறு. “தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவாங்களே, வயித்துப் பிள்ளை தாங்குமாடி?” அவர் காலத்தில் அப்படித்தான். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்தை வயிற்றில்தான் போடுவார்கள். அந்த ஊசி இந்தியாவில் நின்று இருபது வருடம் ஆகிறது. இப்போது இருப்பது ஆய்வகத்தில் செல்களில் வளர்த்து, செயலிழக்கச் செய்த கிருமி. உயிருள்ள கிருமி அதில் இல்லை. போடுவதும் கையில்தான். அன்றைக்கு இதையெல்லாம் அவருக்கு விளக்க நேரமில்லை, கிளம்பிவிட்டோம்.

முதலில் பக்கத்திலிருந்த ஆரம்ப சுகாதார நிலையம். இரவு டூட்டிக்கு ஒரே ஒரு நர்ஸ். காயத்தைப் பார்க்கும் முன்பே வயிற்றைப் பார்த்தார். “மாசமா இருக்கீங்களேம்மா, டாக்டர் சொல்லாம நான் போட முடியாது.” சரி, டாக்டருக்கு போன் செய்யுங்கள் என்றோம். உடனே பேச்சு மாறியது. “ஒரு குப்பி உடைச்சா அஞ்சு பேருக்குப் போடணும், உங்க ஒருத்தருக்காக உடைச்சா மீதி வீணாப் போயிடும். நாளைக்குக் காலைல ஓபிக்கு வாங்க, நாலு பேர் சேர்ந்துடுவாங்க.”

இதன் பின்னணியைச் சொல்ல வேண்டும். அரசு நிலையங்களில் இந்த ஊசியைத் தோலுக்குள்ளேயே போடுகிறார்கள். ஒரு கைக்கு 0.1 மில்லி வீதம் இரண்டு கையிலும், அதாவது ஒருவருக்கு 0.2 மில்லி. ஒரு மில்லி குப்பியில் ஐந்து பேருக்குப் போடலாம். திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. எல்லாம் சரி. ஆனால் ரத்தம் வடியும் கடியோடு வந்து நிற்கிற ஒருவரை, மருந்து வீணாகும் என்று திருப்பி அனுப்புவது எந்த விதத்தில் நியாயம்? உங்களிடம் இப்படிச் சொன்னால் “போட முடியாது என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். எங்களுக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.

அடுத்து ஒரு தனியார் கிளினிக். ஊசி இருக்கிறது, ஆனால் கர்ப்பிணி என்பதால் என் மகப்பேறு டாக்டரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கடிதத்துக்கு எங்கே போவது? கிளினிக் வாசல் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்த நேரத்தில் தம்பிதான் 104-க்கு போன் போட்டான். 108 ஆம்புலன்ஸுக்கு, 104 மருத்துவ ஆலோசனைக்கு, தமிழ்நாட்டில் இரண்டும் இலவசம். எடுத்தவர் இரண்டே கேள்விதான் கேட்டார்: ரத்தம் வந்ததா, சோப்பு போட்டுக் கழுவினீர்களா? “கர்ப்பம் இந்த ஊசிக்குத் தடையே இல்லை. ரத்தம் வந்திருப்பதால் சீரமும் வேண்டும். பெரியாஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்” என்றார். சீரம் என்கிற வார்த்தையை அன்றைக்கு அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். அதற்கு முன்னால் போன இடங்களில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

சீரம் ஏன் முக்கியம் என்று கேஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தடுப்பூசி போட்டதும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உடனே வந்துவிடாது, ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் கிருமி நரம்புக்குள் ஏறிவிடக் கூடாது. அதனால் தயார்நிலையில் இருக்கும் எதிர்ப்புப் பொருளைக் காயத்துக்கு உள்ளேயும் சுற்றியும் ஊசியால் செலுத்துகிறார்கள். அதுதான் சீரம், முழுப் பெயர் இம்யூனோகுளோபுலின். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடிக்கு மூன்றாம் வகை என்று பெயர். அதற்குத் தடுப்பூசி, சீரம் இரண்டும் வேண்டும். ரத்தம் வராத லேசான கீறல் இரண்டாம் வகை, அதற்குத் தடுப்பூசி மட்டும் போதும். சீரம் முதல் நாளில் கிடைக்காமல் போனால் முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும், அதற்கப்புறம் போட்டுப் பயனில்லை.

“ஏம்மா, ஊசி போட்டா குழந்தைக்கு ஆகாதுன்னு யார் சொன்னது? போடலைன்னாதான் உங்க ரெண்டு பேருக்கும் ஆபத்து” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு உயிர் வந்தது.

சீரம் வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். பல் பதிந்த குழிக்குள்ளேயே ஊசியை விட்டு மருந்தை ஏற்றுகிறார்கள். அம்மாவின் கையை நசுக்கிவிட்டேன். கை ஊசிகள் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, தோலில் சின்னதாகக் கொப்புளம் மாதிரி எழும்பி அமுங்கிவிடும். ரண ஜன்னிக்கான டிடி ஊசி கர்ப்பத்திலேயே போட்டாயிற்று என்று தாய் சேய் அட்டையைக் காட்டியதால் அதை மறுபடி போடவில்லை. கர்ப்பிணிகள் எங்கே போனாலும் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோலுக்குள் போடும் முறையில் தவணை 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். ஊசி ஆரம்பித்த நாளைப் பூஜ்யம் என்று எண்ணுகிறார்கள். ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு ஒரு நாள் முன்னாலேயே போய் நிற்கிறவர்களை வரிசையில் பார்த்தேன். சீட்டு வாங்கும்போதே நான்கு தேதியையும் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமையோ பண்டிகையோ குறுக்கே வருகிறதா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் நாள் அதே சுகாதார நிலையத்துக்கே போனோம், ஆனால் தனியாகப் போகவில்லை. எதிர் வீட்டுப் பையனை அதே நாய் முந்தின வாரம் பிறாண்டியிருந்தது. ரத்தம் வரவில்லை என்று அவன் அம்மா விட்டுவிட்டார். அவர்களிடம் பேசிக் கூடவே அழைத்துக்கொண்டு போனேன். நாங்கள் இரண்டு பேர், அங்கே ஏற்கெனவே இரண்டு பேர். குப்பியைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. அந்தப் பையனுக்கும் ஊசி ஆரம்பமானதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. இந்த நோய் தலைகாட்ட மாதக்கணக்கில்கூட ஆகும். ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடக் கூடாது, தாமதமானாலும் போட வேண்டும்.

ஏழாம் நாள் புதுச்சேரியில் எனக்கு ஸ்கேன். வீட்டுக்காரர் அங்கேயே ஊசியையும் போட்டுவிடலாம் என்றார். நல்ல யோசனைதான், ஆனால் ஓபி சீட்டு கடலூரில் அம்மா வீட்டு அலமாரியில். போனில் போட்டோ இருந்தது. அதைக் காட்டினால், “போட்டோ எல்லாம் செல்லாது, அது தமிழ்நாட்டுச் சீட்டு வேற, ஆரம்பிச்ச இடத்துலயே போய்ப் போட்டுக்கங்க” என்று பதிவு கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். எல்லையிலிருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் மருந்து மாறிவிடுமா? தம்பி பைக்கில் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அதற்குள் ஓபி முடிந்துவிட்டது. கிளம்பிக்கொண்டிருந்த டாக்டர் அம்மா ஒருவரை மறித்து, ஏழாம் நாள் ஊசி, எட்டு மாதம் என்று சொன்னோம். சீட்டை வாங்கிப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார், நர்ஸைக் கூப்பிட்டு ஊசி போடவைத்துவிட்டுத்தான் போனார். ஊர் மாறிப் போட வேண்டி வந்தால் அசல் சீட்டு கையில் இருக்கட்டும். கவுண்டரில் மறுத்தால் டாக்டரிடம் நேரடியாகப் போங்கள்.

நாய் பத்து நாள் கழித்தும் தெருமுனையில் நன்றாகத்தான் திரிந்தது. உடனே வீட்டில் எல்லோரும், “அப்புறம் எதுக்குக் கடைசி ஊசி? மாசமும் நெருங்குது, சுகப்பிரசவம் ஆக வேண்டாமா? இப்படி ஊசியா போட்டா ஆபரேஷன்ல போய் முடியும்” என்று ஆரம்பித்தார்கள். அத்தை புதுச்சேரியிலிருந்து போன் போட்டு அதையே சொன்னார். நாய்க்கடி ஊசிக்கும் பிரசவம் எப்படி ஆகிறது என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குழந்தையின் தலை, எடை, பனிக்குட நீர், என் ரத்த அழுத்தம், இவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்று என் மகப்பேறு டாக்டர் அத்தையிடமே போனில் பேசினார். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை. இருபத்தெட்டாம் நாள் ஊசி ஒன்பதாம் மாதத்தில் வந்தது. போட்டுக்கொண்டேன். பிரசவம் சுகப்பிரசவம், பெண் குழந்தை, நன்றாக இருக்கிறாள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் இந்த ஊசி போட்டுக்கொள்ளலாம், அதையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஊசி முடிந்ததும் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முழுத் தவணையும் போட்டவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 என்று இரண்டே தவணைதான், சீரமும் வேண்டியதில்லை. ஆனால் முன்பு போட்டதற்கு ஆதாரம் கேட்பார்கள். என் சீட்டைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். எதிர் வீட்டுப் பையனின் சீட்டையும் அவன் அம்மாவிடம் சொல்லிப் பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.